எதிர்பார்த்ததை ஏன் சொல்லவில்லை? மதுரை மாவட்ட மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்டத்தில் மருத்துவம் பார்க்கும் மருத்துவர்களுக்கும், மருந்துக் கடைகளில் பணிபுரியும் மருந்தாளுநர்களுக்கும், இவ்விரு தரப்பையும் மேற்பார்வையிடும் சுகாதாரத் துறை, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலர்களுக்கும்:

நகரிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து சென்ற மாதம் எனக்கு ஒரு பதில் கடிதம் வந்தது. அங்கே கொடுக்கப்பட்ட ஆன்டிபயாடிக் மாத்திரைகளால் என் தாயாருக்கு நேர்ந்தவற்றைத் தேதிவாரியாக எழுதி, நான்கு பக்கங்களில் நான் அனுப்பியிருந்த புகாருக்கு வந்த பதில் அது. மூன்றே வரிகள். வயிற்றுப்போக்கு இம்மருந்துகளுக்கு எதிர்பார்க்கக்கூடிய பக்க விளைவே என்றும், சிகிச்சையில் குறைபாடு ஏதும் இல்லை என்றும், புகார் முடித்து வைக்கப்படுகிறது என்றும் அதில் எழுதியிருந்தார்கள்.

அம்மாவுக்கு அந்த மருந்தைக் கொடுத்தது தவறு என்று நான் எங்கும் எழுதவில்லை. சீழ் பிடித்த கால் அது, மருந்து தேவைப்பட்டது, கால் பிழைத்தது. அதற்கு நன்றியுடையவளாகவே இருக்கிறேன். ஆனால் ‘எதிர்பார்க்கக்கூடிய’ என்ற அந்தச் சொல்லை என்னால் அப்படியே விழுங்கிவிட முடியவில்லை. யார் எதிர்பார்த்தது? எழுதிக் கொடுத்தவர் எதிர்பார்த்தார், எடுத்துக் கொடுத்தவர் எதிர்பார்த்தார். விழுங்கியவர் மட்டும் எதிர்பார்க்கவில்லை, ஏனென்றால் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை அந்த ஒரு மருத்துவமனையோடு முடிந்த கதையாக நான் கருதவில்லை. இந்த மாவட்டத்தில் அன்றாடம் நடப்பது இது என்பதால்தான் உங்கள் அனைவருக்கும் எழுதுகிறேன்.

என் தாயாருக்கு வயது 67. சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் நாற்பது ஆண்டுகள் கூலிக்குப் போனவர். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. இரண்டுக்கும் மாத்திரை தவறாமல் எடுப்பார். கடந்த ஆண்டு ஆடி மாதத்தில், கொடிக்காலில் வெட்டி விட்டிருந்த அகத்திக் கட்டை குதிகாலில் ஏறி, மூன்று நாளில் கணுக்கால் வரை வீங்கிச் சிவந்துவிட்டது. மதுரைக்கு அழைத்துப் போனேன். ஏழு நாளைக்கு மாத்திரை எழுதினார்கள்: ஆன்டிபயாடிக் இரண்டு, அதாவது அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த 625 மில்லிகிராம் மாத்திரை காலையும் இரவும், கிளின்டாமைசின் மூன்று வேளை; வயிற்று அமிலத்தைக் குறைக்க வெறும் வயிற்றில் பேன்டோபிரசோல், வலிக்கு ஒன்று. மருத்துவமனையின் உள்ளேயே இருந்த மருந்துக் கடையில் அட்டைகளைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி, பழுப்புநிறக் காகித உறைகளில் போட்டு, மேலே காலை, இரவு என்பதற்கு 1-0-1 என்றும், சாப்பாட்டுக்குப் பின் என்பதற்குச் சா.பி. என்றும் பேனாவால் கிறுக்கிக் கொடுத்தார்கள். அத்தனையும் முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் நின்றார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் திருமங்கலம் அருகே ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். மூன்றாம் நாள் பேதி தொடங்கியிருக்கிறது. தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் “நல்லாத்தான் இருக்கேன், கால் வத்திருச்சு” என்றார். சொன்னால் நான் விடுப்புப் போட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று மறைத்திருக்கிறார். மாத்திரை சூடு, அதனால்தான் வயிற்றைக் கலக்குகிறது என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டு, சோற்றைக் குறைத்து, ஐந்தாம் நாள் ஆன்டிபயாடிக்கையும் நிறுத்திவிட்டார். சர்க்கரை மாத்திரையையும் அழுத்த மாத்திரையையும் மட்டும் நிறுத்தவில்லை. அவை நிறுத்தக் கூடாதவை என்று பன்னிரண்டு ஆண்டுகளாக நீங்கள் அவருக்குச் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்னதை அவர் கேட்பவர்.

பேதி நிற்காததால் பக்கத்துத் தெரு மருந்துக் கடைக்குப் போயிருக்கிறார். அங்கே யாரும் அவரிடம் இதற்கு முன் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று கேட்கவில்லை. குடலின் ஓட்டத்தை நிறுத்தும் லோபரமைடு ஒன்று, ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் கலந்த மாத்திரை ஒன்று, காகிதப் பெட்டியில் அடைத்த ஆரஞ்சுச் சுவைப் பானம் இரண்டு. ஆன்டிபயாடிக்கால் வந்த பேதிக்கு இன்னோர் ஆன்டிபயாடிக். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரைப் பானம். சனிக்கிழமை நான் ஊருக்குப் போனபோது வயிறு உப்பி, காய்ச்சலோடு சுருண்டு கிடந்தார். குளியலறைச் சுவரில் சுண்ணாம்பால் இழுத்த கோடுகள் இருந்தன. கொடிக்காலில் கவுளி, அதாவது வெற்றிலைக் கட்டு எண்ணுகிறவர்களுக்கு எதையும் கோடு போட்டு எண்ணும் பழக்கம் உண்டு. ஒவ்வொரு முறை போய் வந்ததற்கும் ஒரு கோடு. ஒரு நாளைக்கு ஒரு வரிசை. கடைசி வரிசையில் பதினொரு கோடுகள். அவ்வளவு ஒழுங்காக எண்ணி வைத்தவருக்கு, எத்தனை கோட்டுக்கு மேல் போனால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்ற ஒரே ஓர் எண் மட்டும் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்குத் தண்ணீர்க் குழாயடியில் மயங்கி விழுந்தார். அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தபோது இரத்தச் சர்க்கரை 52க்கு இறங்கியிருந்தது; சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 2.8க்கு ஏறியிருந்தது. சாப்பிடாத வயிற்றில் விழுந்த சர்க்கரை மாத்திரையும், நீர் வற்றிய உடம்பில் விழுந்த அழுத்த மாத்திரையும் செய்த வேலை அது என்று பிறகு புரிந்தது. அங்கிருந்த இளம் பெண் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “சமீபத்துல ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்டாங்களாம்மா?” என்பதுதான். உறைகளை நீட்டினேன். வெட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஒரு துண்டில் ‘மைசின்’ என்ற பின்பாதி மட்டும் இருந்தது. பெயரின் முன்பாதி மருந்துக் கடைக்காரரின் கத்தரியோடு போயிருந்தது. மைசின் என்று முடியும் மருந்துகள் எத்தனையோ. மருந்துச் சீட்டு வீட்டில் இருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி அதைத் தேடியெடுத்துப் படம் பிடித்து அனுப்பும் வரை, மயங்கிக் கிடந்த என் தாயாருக்கு என்ன கொடுக்கப்பட்டது என்று சொல்ல எனக்கு வழியில்லை.

மலப் பரிசோதனையில் கிளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் என்ற நுண்ணுயிரியின் நச்சு இருப்பது தெரிந்தது. வேங்கோமைசின் ஊசி மருந்தைத் தண்ணீரில் கரைத்து, நாளுக்கு நான்கு வேளை, பத்து நாட்கள் குடிக்கக் கொடுத்தார்கள். நரம்பு வழியே உப்பு நீர் ஏற்றினார்கள். சிறுநீரகம் மீண்டது. அம்மா பிழைத்து வந்துவிட்டார்.

உங்களுக்குத் தெரியாத எதையும் நான் இங்கே சொல்லப் போவதில்லை. நம் குடலில் குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள், நமக்குச் செரிக்காத மாவுச்சத்தை உடைத்துத் தருகின்றன. தீய கிருமிகளுக்கு இடம் கொடாமல் அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஆன்டிபயாடிக் நோய்க் கிருமியோடு சேர்த்து இவற்றையும் அழிக்கிறது. உடையாத சத்து குடலில் நீரை இழுக்கிறது. அதுவே பெரும்பாலோருக்கு வரும் சாதாரணப் பேதி. மருந்தைப் பொறுத்து நூற்றுக்கு 5 பேர் முதல் 30 பேர் வரை இதற்கு ஆளாகிறார்கள். காலியான இடத்தில் டிஃபிசில் கிருமி பெருகினால் என் தாயாருக்கு வந்தது வரும். கிளின்டாமைசினுக்கும் இந்தக் குடலழற்சிக்கும் உள்ள தொடர்பு 1970களிலேயே அறியப்பட்டது. பேன்டோபிரசோல் போன்ற, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் இந்த ஆபத்தைக் கூட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012இல் எச்சரித்தது. ஆனால் நம் ஊரில் ஆன்டிபயாடிக் எழுதும் கை, தேவை இருக்கிறதா என்று பாராமலே ‘கேஸ் மாத்திரை’யையும் சேர்த்து எழுதிப் பழகிவிட்டது. வயிற்றைக் காப்பதற்கென்று கொடுப்பது வயிற்றுக்கே வினையாகக்கூடும் என்பதை எங்களில் எத்தனை பேர் அறிவோம்?

அந்த ஒரு நிமிடத்தில் என்ன சொல்லியிருக்கலாம் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். 625 மாத்திரையைச் சாப்பாடு தொடங்கும்போதே போட்டுக்கொண்டால் வயிற்றுக் கோளாறு குறையும், அதைச் சொல்லியிருக்கலாம். ‘சா.பி.’ என்ற இரண்டு எழுத்துகள் அதைச் சொல்வதில்லை. அம்மா இரவுச் சோறு உண்டு ஒரு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது போட்டிருக்கிறார். இரண்டு மூன்று முறை இளகலாகப் போனால் பயப்பட வேண்டாம், மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், நீராகாரமும் உப்புப் போட்ட கஞ்சியும் மோரும் குடியுங்கள், சாப்பாட்டை நிறுத்தாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் தண்ணீராகப் போனாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, காய்ச்சலோ வயிற்று உப்பலோ வந்தாலோ உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று சொல்லியிருக்கலாம். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள், இரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது அது கிருமியின் நச்சைக் குடலுக்குள்ளேயே பூட்டி வைத்துவிடும் என்று சொல்லியிருக்கலாம். சர்க்கரைக்கும் அழுத்தத்திற்கும் மாத்திரை எடுப்பவர் என்பது உங்கள் சீட்டிலேயே எழுதியிருந்தது. பேதி கண்டால் அவற்றை என்ன செய்வதென்று எங்களைக் கேளுங்கள் என்று ஒரு வரி போதுமாயிருந்தது. இந்தப் பேதி மருந்து முடிந்து பல வாரங்கள் கழித்தும் வரலாம் என்பதும், அந்தக் கிருமியின் விதைகள் சானிடைசருக்குச் சாகாது, சோப்புப் போட்டுத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும் என்பதும்கூட எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தன. அம்மாவின் துணிகளை ஒரு வாரம் வெறும் கையால் அலசிய பக்கத்து வீட்டு அத்தைக்கு ஒன்றும் ஆகாதது எங்கள் நல்ல நேரம்.

தயிரும் மோரும் எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நன்மை செய்யும் நுண்ணுயிரிகளைக் கொண்ட சில மருந்துகள் இந்தப் பேதியை ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் இருக்கின்றன. நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியவர்களுக்கு அவை ஆகா என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. ஆனால் எந்த மருந்தோடு தயிர் ஆகும், எதனோடு ஆகாது என்பதைக்கூட நாங்கள் வாய்மொழியாகத்தான் தெரிந்துகொள்கிறோம். சிப்ரோஃப்ளாக்சசினைப் பாலோடும் தயிரோடும் விழுங்கினால் அது உடம்பில் சேர்வது குறையும். டாக்சிசைக்ளினை ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். ஒரு குவளை நிறையத் தண்ணீர் குடித்து, அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார வேண்டும். உண்ணிக் காய்ச்சலுக்கு அந்த மாத்திரையை வாங்கிச் சாப்பிட்ட என் மாணவன் ஒருவனின் தந்தை, நெஞ்சு எரிகிறது என்று மூன்றாம் நாளே அதைக் குப்பையில் போட்டார். உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவருக்கு 625 இருப்பு இல்லை என்று சொல்லி, ‘375 ரெண்டு ரெண்டா போடுங்க’ என்று ஒரு கடையில் கொடுத்தார்கள். இரண்டு 375இல் அமாக்சிசிலின் 500 மில்லிகிராம்தான், அது சரி. ஆனால் கிளாவுலானிக் அமிலம் 125க்குப் பதில் 250 ஆகிவிடுகிறது. பேதியைக் கிளப்புவதில் பெரும்பங்கு அந்த அமிலத்திற்குத்தான். அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் மருந்தாளுநர், ஆசிரியர் அல்லர்.

அந்த ஆரஞ்சுப் பானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டியின் மேல், பேதிக்குக் குடிக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் குறிக்கும் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகள் பெரிதாக இருந்தன. அந்தக் கரைசலில், உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், இவற்றோடு பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். அந்தப் பானத்தில் சர்க்கரை அதைவிடப் பல மடங்கு. மிகுந்த சர்க்கரை பேதியைக் கூட்டும். இந்த அளவுக்குப் பொருந்தாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. என் தாயாருக்கு அது இரண்டு மாதம் தாமதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் முழுதாகக் கரைத்துக் குடி என்று சொல்ல ஒருவர் இருந்திருந்தால் போதும்.

சொல்வது உங்கள் பெருந்தன்மையைப் பொறுத்த விஷயமும் அன்று. இந்திய மருந்தாளுநர் குழுமம் 2015இல் வெளியிட்ட பார்மசி பிராக்டிஸ் ரெகுலேஷன்ஸ் என்ற விதித்தொகுப்பு, நோயாளிக்கு ஆலோசனை சொல்வதைப் பதிவு பெற்ற மருந்தாளுநரின் கடமையாகவே வைத்திருக்கிறது. மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள், எப்படி எடுப்பது என்பவற்றோடு, வரக்கூடிய பக்க விளைவுகள், அவற்றைத் தவிர்க்கும் வழி, வந்தால் செய்ய வேண்டியது என அனைத்தும் அந்தப் பட்டியலில் உண்டு. மருந்துச் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கக் கூடாது என்ற சட்டமும் உண்டு; அதை நினைவூட்ட அட்டையில் இருக்கும் சிவப்புக் கோடு எதற்கு என்று மக்களுக்கு விளக்க மத்திய அரசு 2016இல் ஓர் இயக்கமே நடத்தியது. சிவப்புக் கோடு இருக்கும் பக்கத்தையே கத்தரித்துவிட்டால் அந்த இயக்கம் யாருக்காக நடந்தது? அண்டை மாநிலமான கேரளத்தில் ஆன்டிபயாடிக்கைத் தனி நீலநிற உறையில், எச்சரிக்கை வாசகத்தோடு கொடுக்கும் முறையை 2024இல் தொடங்கிவிட்டார்கள். தேனி, குமுளி தாண்டினால் செய்ய முடிகிற ஒன்றை மதுரையில் ஏன் செய்ய முடியாது?

இரண்டு பதில்களை நீங்கள் சொல்வீர்கள் என்று அறிவேன், ஏனென்றால் நேரில் கேட்டபோது சொன்னீர்கள். ஒன்று, நேரமில்லை. ஒரு நாளில் நூறு நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவரிடம் பத்து நிமிடம் கேட்பது நியாயமன்று. அதனால்தான் நான் நேரத்தைக் கேட்காமல் தாளைக் கேட்கப் போகிறேன். மற்றொன்று, பக்க விளைவைச் சொன்னால் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்பது. இதை நான் முழுமையாக மறுக்கிறேன். என் தாயார் நிறுத்தியது யாரும் சொல்லாததால். என் மாணவனின் தந்தை நிறுத்தியது யாரும் சொல்லாததால். வயிறு கலங்கும், இரண்டு நாளில் சரியாகும், இன்னது கண்டால் கூப்பிடு என்று முன்பே தெரிந்தவர் பயப்பட மாட்டார். திடீரென்று பேதி வந்தால்தான் மாத்திரையே விஷமோ என்று சந்தேகம் வருகிறது. பாதியில் நிறுத்திய ஆன்டிபயாடிக் நோயைத் தீர்க்காமல் விட்டுவிடும் என்று எங்களைக் கண்டிக்கிறீர்கள். நிறுத்த வைத்த காரணத்தையும் கொஞ்சம் பாருங்கள்.

ஆகவே நான் கேட்பவை இவை. ஆன்டிபயாடிக் எழுதும் ஒவ்வொரு மருத்துவமனையும் கிளினிக்கும், மேலே நான் சொன்னவற்றை அரைப் பக்கத்தில், பெரிய எழுத்தில், எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியும் தமிழில் அச்சிட்டு, சீட்டோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். எத்தனை முறைக்கு மேல் போனால் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்பது அதில் முதல் வரியாக இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அதைச் செவிலியர் ஒருவர் வாசித்துக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். சர்க்கரை, அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், 65 வயதைக் கடந்தவர்களுக்கும் மூன்றாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு வேண்டும். பேன்டோபிரசோலைப் பழக்கத்திற்காக எழுதாமல், தேவை இருந்தால் மட்டும் எழுத வேண்டும்.

மருந்தாளுநர்களிடம் கேட்கிறேன்: அட்டையை வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், பெயரும் காலாவதித் தேதியும் சிவப்புக் கோடும் நோயாளியிடம் போகும் துண்டில் இருக்கும்படி வெட்டுங்கள், முடியாவிட்டால் மருந்தின் முழுப் பெயரை உறையில் தெளிவாக எழுதுங்கள். பேதி என்று வந்து நிற்பவரிடம் எதையும் எடுத்துக் கொடுப்பதற்கு முன், கடந்த இரண்டு மாதத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். சீட்டு இல்லாமல் ஆஃப்லாக்சசின்-ஆர்னிடசோல் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் கடைகளை ஆய்வு செய்யும்போது, நோயாளிக்கு ஆலோசனை சொல்லப்படுகிறதா என்பதையும் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். மாவட்டச் சுகாதார நிர்வாகம் ஒரு பொதுத் தாளைத் தயாரித்து எல்லா மருத்துவமனைகளுக்கும் அனுப்ப வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீடு தேடி வந்து சர்க்கரை மாத்திரை கொடுக்கும்போது, புதிதாக ஏதும் மாத்திரை எடுக்கிறீர்களா, வயிறு எப்படியிருக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்கச் செய்ய வேண்டும். மருந்தின் தீய விளைவுகளைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் நாடு முழுவதற்கும் இருக்கிறது. ஒவ்வொரு மருந்துக் கடையிலும் அது தமிழில் எழுதித் தொங்க வேண்டும்.

எனக்கு அந்த மூன்று வரிக் கடிதத்தை அனுப்பிய மருத்துவமனைக்கு என் கோரிக்கை ஒன்றுதான். முடித்து வைத்த புகாரைத் திறந்து, வயிற்றுப்போக்கு எதிர்பார்க்கக்கூடியது என்று எழுதிய வரிக்குக் கீழே, அதை நோயாளியிடம் யார், எந்தத் தேதியில், என்ன சொற்களில் தெரிவித்தார் என்ற விவரத்தையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். யாரும் தெரிவிக்கவில்லை என்பதே விடையாக இருந்தால், அதையே எழுதி, கையொப்பமிட்டு அனுப்புங்கள்.